கூடம் கோணல்

என் மகள் எட்டு மாதங்கள் என்னிடம் திட்டு வாங்கியதற்குக் காரணம், அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஓர் எஃகு விளிம்பு. அது தேய்ந்திருந்தது எனக்குத் தெரியாது. தெரியாதது குற்றமில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றே தோன்றாமல் இருந்தேனே, அதைத்தான் இன்றும் விழுங்க முடியவில்லை. கவிதையும் நாவலும் பேசுகிற இடத்தில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். முழுவதும் படித்துவிட்டுக் கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

2024 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை. லஸ் பக்கம், நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குப் பின்புறம் இருக்கிற எங்கள் வீட்டில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொலைக்காட்சியில் பாரிஸ் ஒலிம்பிக் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இறுதிச் சுற்றில் மனு பாக்கர் 221.7 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றார். துப்பாக்கிச் சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பதின்மூன்று வயது மகளுக்கு அழுகை வரவில்லை; ஒரு கேள்விதான் வந்தது. "ஒரு கைய பாக்கெட்ல விட்டுக்கிட்டு இன்னொரு கையால மட்டும் எப்படிப்பா அவ்வளவு நேரம் அசையாம பிடிக்கறாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்தபோது எல்லோரும் முதலில் எழும்பூரைச் சொன்னார்கள். பழைய காவல் ஆணையர் அலுவலக வளாகத்தில் இருக்கும் ரைபிள் கிளப்பை, நடிகர் அஜித்குமார் பயிற்சி எடுத்த இடம் என்று சொன்னால்தான் ஆட்டோக்காரர்களுக்கும் புரிகிறது. எங்களுக்குப் பள்ளி முடிந்து போய்வர அடையாறு தோதாக இருந்தது. அங்கே ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில், ஆறு பேர் வரிசையாக நின்று சுடக்கூடிய பத்து மீட்டர் கூடம். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப்போட்ட மந்தைவெளியைச் சுற்றிக்கொண்டு, திரு.வி.க. பாலத்தைக் கடந்து, வாரம் நான்கு மாலைகள் ஸ்கூட்டரில் போனோம். ககன் நாரங் பிறந்தது சென்னையில், இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில், பாரிஸில் ட்ராப் பிரிவில் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டைக்காரர் என்பதையெல்லாம் அந்தக் கூடத்து பெஞ்சில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

அந்த பெஞ்சில் கற்ற இன்னொரு பாடம் கணக்கு. ஏர் பிஸ்டல் இலக்கின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். அடுத்தடுத்த வளையங்கள் ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீட்டர் அகலம். துப்பாக்கியின் முன் குறிமுள்ளுக்கும் பின் குறிப்பள்ளத்துக்கும் இடையே ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் தூரம். முன் முள் ஒரு மில்லிமீட்டர் விலகினால், பத்து மீட்டருக்கு அப்பால் அது முப்பது மில்லிமீட்டராகிறது. பத்தில் விழவேண்டிய குண்டு ஏழில் விழும். கண்ணுக்குப் பிடிபடாத ஒரு நடுக்கம் மூன்று புள்ளிகளைத் தின்றுவிடுகிறது. அறுபது குண்டுகள், 75 நிமிடங்கள், மொத்தம் 600 புள்ளிகள்.

ஆனால் கை நடுங்குவது பெரிய பிரச்சினை இல்லை என்று பயிற்சியாளர் முதல் வாரமே சொல்லிவிட்டார். கை எல்லோருக்கும் ஆடும். உலக வீரர்களுக்கும் ஆடும். ஆனாலும் ஒரு சிறு வட்டத்துக்குள்தான் ஆடும். அந்த ஆட்டத்தைக் கெடுக்காமல் குண்டை விடுவித்தால் அது ஒன்பதிலோ பத்திலோதான் போய் விழும். கெடுப்பது விரல். ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடையுள்ள பிஸ்டலை ஒற்றைக் கையில் நீட்டிக்கொண்டு, அதன் எடையில் பாதிக்கு மேற்பட்ட பலத்தை ஒரு விரலால் அதன் மேலேயே கொடுக்கிறோம். அந்த பலம் நேர் பின்னோக்கி, சீராகப் போக வேண்டும். சற்றுப் பிசகினாலும் குழல் திரும்பிவிடும்.

ட்ரிக்கரைத் தமிழில் விசை என்கிறோம். பள்ளி இயற்பியலில் நான் படித்த விசையும் இதே சொல்தான். பலத்துக்கும் அந்தப் பலத்தைத் தருகிற இடத்துக்கும் ஒரே பெயர். ஏர் பிஸ்டலின் விசைக்குக் குறைந்தபட்ச எடை 500 கிராம் என்பது சர்வதேச விதி. ஆவின் அரை லிட்டர் பால் பாக்கெட்டை ஆள்காட்டி விரலில் தொங்கவிட்டுப் பார்த்தால் அது எவ்வளவு என்று புரியும். 25 மீட்டர் பிஸ்டலுக்கு இது ஆயிரம் கிராம். பத்து மீட்டர், ஐம்பது மீட்டர் ரைபிள்களுக்கு எடை வரம்பே கிடையாது. மூச்சுப் பட்டால் வெடித்துவிடுமோ என்று அஞ்சும் அளவுக்கு அவை மென்மையானவை.

நல்ல விசை என்றால் இலேசான விசை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. பெரும்பாலான பிஸ்டல்களில் விசை இரண்டு கட்டமாக நகர்கிறது. முதல் கட்டத்தில் விரல் பெரும்பகுதி எடையை ஏற்றுக்கொண்டு, ஒரு சுவரில் முட்டியதுபோல் நிற்கும். அந்த இடத்தில் துப்பாக்கி, 'நான் தயார், நீ தயாரா' என்று கேட்கிறது. பிறகு இன்னும் சிறிது அழுத்தம் கூடினால், கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல் சட்டென்று விடுபடும். உள்ளே நடப்பது இதுதான்: ஒரு சிறு சுத்தியலை எஃகுப் பல் ஒன்று பிடித்து நிறுத்தியிருக்கிறது. சியர் என்று அதற்குப் பெயர். அதன் விளிம்பு நழுவும்போது சுத்தியல் போய்க் காற்றறையின் வால்வைத் தட்டுகிறது. விளிம்பு கூர்மையாகவும் வழவழப்பாகவும் இருந்தால் ஒரே இடத்தில், ஒரே எடையில், ஒவ்வொரு முறையும் விடும். விடுபட்ட பிறகு விரல் மேலும் பின்னுக்கு ஓடாமல் ஒரு திருகு தடுத்து நிறுத்தும். எடை, வழுவழுப்பு, நிற்கும் இடம் ஆகிய மூன்றுக்கும் மேலே இருப்பது மாறாத்தன்மை. நேற்றைப் போலவே இன்றும் இருப்பது.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ஒருவரிடமிருந்து பழைய பிஸ்டல் ஒன்றை வாங்கினேன். புதிதாக வாங்க என் வசதி இடம் தரவில்லை. தி. நகரில் நகைக் கடன் வைத்துவிட்டு, பாண்டி பஜாரில் காபி குடித்துவிட்டுப் போய் வாங்கிவந்தேன். அதுவரை கூடத்தின் பொதுத் துப்பாக்கியில் 538 வரை சுட்டிருந்தாள். சொந்தத் துப்பாக்கியில் 525, பிறகு 519, பிறகு 527. பத்துக் குண்டுகளில் ஏழு அழகாக நடுவில் கூடும். மூன்று, கடிகாரத்தில் ஏழு மணி காட்டும் திசையில் எங்கோ கீழே போய் விழும். வலக்கைக்காரர்கள் விசையை வெடுக்கென்று இழுத்தால் குண்டு போகும் திசை அதுதான் என்று பயிற்சியாளர் சொன்னார். அவர் சொன்னது சரி. அவள் வெடுக்கென்றுதான் இழுத்துக்கொண்டிருந்தாள். ஏன் இழுக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். ஒவ்வொரு குண்டையும் புள்ளியாகக் குறித்து, பக்கத்தில் காரணம் எழுதுவேன். 'கவனமின்மை.' 'அலட்சியம்.' 'மனசு இங்கே இல்லை.' வீடு திரும்பும் வழியில் பாலத்தின் மேல் காற்றில் கத்திப் பேசுவேன். சொந்தத் துப்பாக்கி வந்ததும் திமிர் வந்துவிட்டது என்றேன். செல்பேசியைப் பிடுங்கி வைத்தேன். பொதுத் துப்பாக்கியில் நன்றாகச் சுட்டவள் இதில் தடுமாறுகிறாள் என்பதே போதுமான சாட்சியம். அது எண்களாக என் கையெழுத்திலேயே இருந்தது. நான் அதைக் குணக்கேடு என்று படித்தேன். ஒருநாள் அவள், "அப்பா, இது ஒரு தடவ மாதிரி இன்னொரு தடவ வெடிக்க மாட்டேங்குது" என்றாள். நான் அவளுக்குப் பழமொழி சொன்னேன்: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அதன்பிறகு அவள் துப்பாக்கியைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

இதே பழமொழியை நான் முன்பும் ஒருமுறை பயன்படுத்தியிருக்கிறேன். 2021 ஜூலை 25 அன்று டோக்கியோவில், தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாயிற்று. சரிசெய்து திரும்புவதற்குள் பல நிமிடங்கள் போய்விட்டன. 575 புள்ளிகளுடன் பன்னிரண்டாவது இடம். இரண்டு புள்ளிகளில் இறுதிச் சுற்று தவறியது. அப்போது பத்தொன்பது வயதுப் பெண். துப்பாக்கியின் மேல் பழிபோடுகிறார் என்று ஊரே பேசியது. அலுவலகத்தில் டீ குடித்துக்கொண்டு பழமொழி சொன்னவர்களில் நானும் ஒருவன். மூன்றாண்டு கழித்து அதே பெண்ணுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அது என் நினைவுக்கு வரவேயில்லை.

பிறகு ஒரு சிறிய போட்டிக்குப் போனோம். தொடங்கும் முன் துப்பாக்கிகளைச் சோதிக்கும் மேசை ஒன்று உண்டு. குழலை நேர்மேலாக நிமிர்த்தி, விசையில் 500 கிராம் எடைக்கட்டியை மாட்டி, மேசையிலிருந்து தூக்குவார்கள். விசை விடுபடாமல் எடை மேலே வந்துவிட்டால் தேர்ச்சி. மூன்று முறைதான் வாய்ப்பு. எங்கள் பிஸ்டல் முதல் முறையே தேறியது. பார்த்தாயா, துப்பாக்கி சரியாகத்தான் இருக்கிறது என்று அவளிடம் வெற்றியோடு சொன்னேன். அந்தச் சோதனை, விசை விதிக்குக் குறைவான இலேசாக இல்லை என்பதை மட்டுமே காட்டும் என்று எனக்கு உறைக்கவில்லை. எத்தனை முரட்டு விசையானாலும் அதில் தேறிவிடும். அன்று அவள் எடுத்தது 514. இரவு சாப்பிடாமல் படுத்தவள், காலையில், "நான் நிறுத்திக்கறேம்ப்பா. எனக்கு இது வராது" என்றாள்.

நிறுத்துவதென்றால் துப்பாக்கியை விற்க வேண்டும். விலை கேட்பதற்காக, காவல்துறையில் ஆர்மரராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். துப்பாக்கிகளைப் பிரித்துச் சீராக்குவதே முப்பது வருட வேலையாக இருந்தவர். மகளும் உடன் வந்திருந்தாள். அவர் விலையைப் பற்றிப் பேசவில்லை. குண்டு போடாமல் துப்பாக்கியைச் சுவரை நோக்கி நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு விசையைப் பத்துப் பன்னிரண்டு முறை அழுத்தினார். பிறகு ஒரு சிறு வில்தராசைக் கொண்டுவந்து விசையில் மாட்டி இழுத்து, ஒவ்வொரு முறையும் விடுபடும் எடையைச் சாக்கட்டியால் மேசையில் எழுதினார். 610. 740. 655. 790. 690. ஐந்துக்கு மேல் எழுதவில்லை.

"பாப்பா, இதுலயா இத்தன நாளா சுட்டே?" என்றார் அவளைப் பார்த்து. அவள் தலையாட்டினாள். "இதுல நீ ஐந்நூறு எடுத்ததே பெரிசு."

கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் கண்ணாடியை என்னிடம் நீட்டி, கழற்றிய சியரைக் காட்டினார். கூராக இருக்க வேண்டிய விளிம்பு உருண்டிருந்தது. நடுவில் ஒரு கீறல். முன்பு வைத்திருந்த யாரோ விசையை இலேசாக்க எண்ணி முரட்டுக் கல்லில் தேய்த்திருக்கிறார்கள். அது அபாயமாகிவிடவே, திருகை இறுக்கி எடையைக் கூட்டிச் சமாளித்திருக்கிறார்கள். "எடை அதிகமா இருந்தாக்கூட கை பழகிக்கும் சார். எழுநூறுன்னா எழுநூறு, தினமும் அதுவே இருந்தா போதும். இது ஆளுக்கு ஆள் பேச்சு மாத்தற மாதிரி. எங்க விடும்னு தெரியாதப்ப விரல் பொறுமையாவா இருக்கும்? பயந்துக்கிட்டு முடிச்சுக்கலாம்னுதான் பாக்கும்" என்றார். நான் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. சாக்கட்டி எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு தூக்கம் வராமல் கிடந்தபோது மெரினாவின் பலூன் துப்பாக்கி நினைவுக்கு வந்தது. எண்பதுகளில், காந்தி சிலைக்குப் பின்னால் மணலில் பலகை நட்டுப் பலூன் கட்டியிருப்பார்கள். குழலை மடக்கி நிமிர்த்துவதற்கே எனக்குப் பலம் போதாது. விசை கிணற்றுக் கயிறுபோல் வந்துகொண்டே இருக்கும். கடைக்காரர், "இழுக்காத தம்பி. அமுக்கிட்டே இரு. எப்ப வெடிக்கும்னு உனக்கே தெரியக் கூடாது" என்பார். பிறகு அவரே வாங்கி வரிசையாக ஆறு பலூன்களை உடைத்துக் காட்டுவார். அவருக்கு அந்தத் துப்பாக்கியின் எல்லாக் கோணலும் மனப்பாடம். கோணல் கூடத்திலும் ஆடுகிறவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் அந்த ஒரு கூடத்தில் மட்டும்தான் ஆட முடியும். எனக்கு அன்று ஒன்றும் உடையவில்லை. அப்பா என்னைத் திட்டவில்லை. "துப்பாக்கி அப்படிடா" என்று சொல்லிவிட்டு சுண்டல் வாங்கித் தந்தார்.

உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர ஏழு வாரம் ஆயிற்று. அதைப் பொருத்தி, எடையை 510 கிராமில் வைத்து, கையில் கொடுத்தார் பெரியவர். "உடனே நல்லா வரும்னு நெனக்காதே பாப்பா" என்று மட்டும் சொன்னார். முதல் நாள் 511. இரண்டாம் நாள் அதைவிடக் குறைவு. குண்டுகள் இப்போது எல்லாத் திசையிலும் போயின. அவளுடைய தோளும் மணிக்கட்டும் எட்டு மாதங்களாக ஒரு பொய்யான விசையை எதிர்த்து நிற்கப் பழகியிருந்தன. எதிர்க்க ஒன்றும் இல்லாமல் போனதும் தள்ளாடின. முதல் கட்டம் முடிந்து சுவரில் முட்டும் இடத்தில் விரல் உறைந்துபோய், துப்பாக்கியை இறக்கிவைத்துவிடுவாள். அமெரிக்காவில் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடுகிறவர்களில் சிலருக்கு, ஆண்டுக்கணக்கில் சுட்டபின் விசையை இழுக்கவே விரல் மறுத்துவிடுமாம். அவர்களுக்காக, இழுத்துப் பிடித்த விரலை விடும்போது வெடிக்கிற விசையையே செய்திருக்கிறார்கள். சர்வதேசப் போட்டிகளில் அதற்கு அனுமதி இல்லை. பயம் விரலில் போய் உட்காரும் என்பது அந்த விளையாட்டில் எல்லோரும் அறிந்த சங்கதி. என் மகளின் விரலில் உட்கார்ந்திருந்ததில் பாதி சியர் தந்தது. பாதி நான் தந்தது.

பயிற்சியாளர் ஒரு மாதம் இலக்கையே எடுத்துவிட்டார். வெற்றுச் சுவரை நோக்கி, குண்டில்லாமல், ஒரு நாளைக்கு நூறு முறை விசையை மட்டும் அழுத்தச் சொன்னார். அந்த ஒரு மாதத்தில் நான் பேசியது குறைவு. மீண்டும் இலக்கை மாட்டியபோது 529. பிறகு 541. பிறகு ஒரு மாலை 552.

அந்த 552-லும் இரண்டு ஏழுகள் இருந்தன. பழைய வழக்கப்படி என் வாய் திறந்தது, மூடிக்கொண்டேன். அவளே காகிதத்தைக் காட்டி, "இது ரெண்டும் என்னுதுப்பா. துப்பாக்கி மேல தப்பில்ல" என்றாள். அவள் முகத்தில் வருத்தமே இல்லை. தன்னுடைய தவறு எது என்று திட்டமாகத் தெரிந்த ஒருத்தியின் நிம்மதி இருந்தது. நல்ல விசை இதற்குமேல் எதையும் தருவதில்லை என்று இப்போது தோன்றுகிறது. அது யாரையும் நன்றாகச் சுடவைப்பதில்லை. அவரவர் பிழையை அவரவரிடம் கலப்படமில்லாமல் திருப்பித் தருகிறது.

அது சில நேரம் ஈவிரக்கமில்லாமலும் தரும். 2008 ஆகஸ்ட் 17, பெய்ஜிங். 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலை இறுதிச் சுற்றில் அமெரிக்கரான மேத்யூ எம்மன்ஸ் கடைசிக் குண்டுக்கு முன் 3.3 புள்ளிகள் முன்னிலையில் இருந்தார். ஒரு சுமாரான குண்டு போதும், தங்கம். ரைபிளை இலக்கின்மேல் இறக்கிக்கொண்டு வரும்போதே விரல் விசையில் பட்டுவிட்டது. 4.4. நான்காவது இடம். நாலாண்டு முன்பு ஏதென்ஸிலும் கடைசிக் குண்டில்தான், பக்கத்து வீரரின் இலக்கைச் சுட்டுத் தங்கத்தை இழந்திருந்தார். 2012-ல் லண்டனில் அதே போட்டியில் வெண்கலம் வாங்கினார். ஏழு சுட்ட நாட்களில் என் மகள் அவருடைய காணொளியைத் தேடிப் பார்க்கிறாள்.

மன்னிப்புக் கேட்டது பாலத்தின் மேல்தான். திட்டிய இடத்திலேயே கேட்க வேண்டும் என்று பட்டது. "தப்பு என்னுதும்மா. நீ அன்னிக்கே சொன்னே" என்றேன். பின்னாலிருந்து கொஞ்ச நேரம் சத்தமில்லை. சரியென்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "அந்த நோட்ட எனக்குக் குடுத்துடுங்கப்பா" என்றாள்.

கொடுப்பதற்குமுன் ஒருமுறை புரட்டினேன். எட்டு மாதப் பக்கங்களில் 'கவனமின்மை' என்று நாற்பத்தொரு இடத்தில் எழுதியிருந்தேன். அடித்துவிடலாமா என்று நினைத்தேன், அடிக்கவில்லை. எழுதியவன் நான் என்பதும் அவளிடம் இருக்கட்டும்.

இப்போது காரணங்களை அவளே எழுதிக்கொள்கிறாள். என்ன எழுதுகிறாள் என்று நான் பார்ப்பதில்லை. கூடத்துக்கு வெளியே படிக்கட்டில் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளேயிருந்து சத்தம் ஒவ்வொன்றாக வருகிறது. எண்ணுவதில்லை.